சாக்பீஸைப் பிடிக்கும் பரப்பு: குறைந்த செலவில் ஒரு சட்டமிட்ட கரும்பலகை

என் மகள் எழுத்துகளை எழுதிப் பழகத் தொடங்கிய நாள்களில்தான், கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் எனக்கு வந்தது. கீழ்ப்பாதி அவளுக்கு, மேல்பாதி வீட்டார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்புகளுக்கு என்று மனத்துக்குள் பிரித்தும் வைத்திருந்தேன். மரச்சட்டம் போட்டு விற்கப்படும் பலகைகளைத் தேடிப் பார்த்தபோது, நான்கு குச்சிகளுக்கும் ஒரு மெல்லிய பலகைக்கும் அதன் மேலுள்ள பெயிண்டுக்கும் கேட்கப்பட்ட விலை எனக்கு நியாயமாகப் படவில்லை. நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். இதுவரை மூன்று பலகைகள் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் சரியாக வரவில்லை, மூன்றாவது இன்றும் சுவரில் இருக்கிறது. அந்த மூன்றும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்ததை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கரும்பலகை என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது அதன் கருமை. நானும் அப்படித்தான் நினைத்தேன்; கறுப்பாக எதையாவது பூசினால் போதும் என்று நம்பினேன். ஆனால் கருமைக்கு அங்கே உள்ள வேலை, வெள்ளை எழுத்தைக் கண்ணுக்கு எடுத்துக்காட்டுவது மட்டுமே. எழுத்து விழுவதற்குக் காரணம் பரப்பின் சொரசொரப்பு. சாக்பீஸ் மிக மென்மையான பொருள். முன்பு அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக இருந்தது. இன்று பல வகைகள் ஜிப்சத்தால் செய்யப்படுகின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் ஜிப்சத்தின் இடம் 2. அதை நகத்தாலேயே கீறிவிடலாம். இவ்வளவு மென்மையான கட்டியை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் நிறைந்த ஒரு பரப்பின் மீது இழுக்கும்போது, அந்த மேடுகள் அதைச் சிறிது சிறிதாகச் சீவித் தூளைத் தம்மிடையே பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தூள்தான் எழுத்து. கண்ணாடியில் மேடுகள் இல்லாததால் சாக்பீஸ் வழுக்குகிறது. சொரசொரப்பு அளவுக்கு மீறினால் தூள் பள்ளங்களுக்குள் இறங்கி, எவ்வளவு துடைத்தாலும் வெளியே வர மறுக்கிறது. எழுதும்போது பிடிக்க வேண்டும், துடைக்கும்போது விட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பலகை செய்பவரின் முழு வேலையும்.

இதை அறியாமல் செய்ததுதான் என் முதல் பலகை. கதவுக்குப் பூசி மிஞ்சிய பளபளப்பான கறுப்பு எனாமல் பெயிண்ட் இருந்தது. அதை ஒரு பிளைவுட் துண்டின் மீது இரண்டு முறை பூசினேன். காய்ந்தபின் அதில் முகம் தெரிந்தது, எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சாக்பீஸை எடுத்து ஒரு கோடு இழுத்தபோது, தொடக்கத்தில் ஒரு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை, முடிவில் ஒரு கீற்று என்று விழுந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கினால் சரியாகிவிடும் என்று முயன்றேன். தேய்த்த இடங்களில் எழுத்து விழுந்தது, ஆனால் கை அழுத்தம் மாறிய இடங்களில் பரப்பும் மாறியிருந்ததால் பலகை முழுவதும் திட்டுத் திட்டாகிவிட்டது. கையில் இருந்த பெயிண்டைப் பயன்படுத்தியதால் செலவு குறைந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் பலகையையும் சேர்த்து இழந்தேன்.

அடுத்த முறை ஒழுங்காகத் தொடங்கினேன். செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் தேட வேண்டியது சட்டத்தை, பலகையை அல்ல. பலகையை வெட்டிச் சட்டத்துக்குப் பொருத்தலாம்; ஆயத்தமாகக் கிடைத்த சட்டத்தைப் பலகைக்கு ஏற்ப மாற்றுவது கடினம். வீட்டிலேயே பயன்படாமல் கிடக்கும் பழைய படச்சட்டமோ, கண்ணாடி உடைந்துபோன முகக்கண்ணாடிச் சட்டமோ போதும். எடுக்கும்முன் நான்கு மூலைகளையும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்க்க வேண்டும். மூலைகள் ஆடினால் பசை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மரப்பசை தடவிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தால் மீண்டும் உறுதியாகிவிடும். கட்டும்போது மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்ப்பது அவசியம். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரமாக நிற்கிறது. ஒன்று கூடியிருந்தால், நீளமான குறுக்கை மெல்ல அழுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் பசையைக் காயவிட வேண்டும். சட்டம் மிகப் பழையதாகவும் பெயிண்ட் பூசியதாகவும் இருந்தால் ஓர் எச்சரிக்கை: பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. ஐயம் இருந்தால் வேறு சட்டம் பார்ப்பதே நல்லது.

பழைய சட்டம் கிடைக்காவிட்டால் ரீப்பர் எனப்படும் நீண்ட மரச்சட்டத் துண்டு வாங்கி நாமே செய்யலாம். மூலைகளை 45 பாகையில் சாய்த்து வெட்டிச் சேர்ப்பது பார்வைக்கு அழகு. இதில் பலர் தவறுவது நீளக் கணக்கில். எழுதும் இடம் 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர், ரீப்பரின் அகலம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டின் வெளி நீளமும் உள் நீளத்தைவிட இரண்டு அகலங்கள் கூடுதலாக, அதாவது 68 மற்றும் 53 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். நான்கையும் கூட்டினால் 242 சென்டிமீட்டர். ரம்பம் தின்னும் மரத்துக்கும் ஒரு பிழை வெட்டுக்கும் சேர்த்து 270 சென்டிமீட்டர் வாங்கினால் போதும். சாய்த்து வெட்டுவதற்கான கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பலகையைச் சட்டத்தின் வெளி அளவுக்கே வெட்டிப் பெயிண்ட் வேலையை முடித்துவிட்டு, நேராக வெட்டிய நான்கு ரீப்பர்களை அதன் விளிம்பின் மேலேயே பசையிட்டு ஒட்டுவது. விளிம்பில் பசை படும் இடத்தில் மட்டும் பெயிண்ட் ஏறாமல் காகித டேப் ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் மரப்பசை மரத்தைப் பிடிப்பதுபோலப் பெயிண்டைப் பிடிப்பதில்லை. இதில் பலகையைச் செருகுவதற்கான பள்ளம் (காடி) எடுக்க வேண்டியதில்லை, சாய்வெட்டும் இல்லை. மூன்றாவது பலகையை நான் இப்படித்தான் செய்தேன். நேர்வெட்டு மூலைகள் எளிமையாக இருந்தாலும் எனக்கு அவை பிடித்திருக்கின்றன.

பலகைக்கு நான் பரிந்துரைப்பது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எம்.டி.எஃப். பிளைவுட்டில் மரத்தின் ரேகைகள் பெயிண்டுக்கு அடியிலிருந்து மேலே தெரியும். எழுதும்போது சாக்பீஸ் அந்த வரிகளில் தடுக்கும். எம்.டி.எஃப். நார்த்தூளை அழுத்திச் செய்யப்படுவதால் ரேகையே இல்லாத சமமான முகம் கொண்டது. பெரிய பலகைகளை வெட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகள் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். 60 × 45 சென்டிமீட்டர் துண்டு ஏறக்குறைய 1.2 கிலோ எடை இருக்கும் என்பதால் சுவரில் மாட்டுவதும் எளிது. அதற்கு இரண்டு குறைகள் உண்டு. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி அணிந்து, முடிந்தால் வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். மற்றொன்று, தண்ணீர் பட்டால் ஊதிக்கொள்ளும். வெட்டிய விளிம்புகள் பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே முகத்துக்கு மட்டும் பெயிண்ட் பூசிவிட்டு முதுகை வெறுமனே விட்டால், ஒருபுறம் மட்டும் ஈரம் ஏறி இறங்கிப் பலகை வில்லாக வளைந்துவிடும். முதுகுக்கும் விளிம்புக்கும் பழைய பெயிண்ட் எது இருந்தாலும் பூசலாம், நிறம் முக்கியமில்லை. அந்த மிச்ச எனாமல் எனக்குக் கடைசியில் இங்கேதான் பயன்பட்டது.

இனி பெயிண்ட். கரும்பலகைக்கென்றே விற்கப்படும் பெயிண்ட் நல்ல பொருள்தான், அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் நமக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு முழு டப்பா வாங்குவது எவ்வளவு வீண் என்பது புரியும். பொதுவாக ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சில் சுமார் 10 சதுர மீட்டரை மூடும். நம் பலகையின் பரப்பு 0.27 சதுர மீட்டர். மூன்று பூச்சுக்கும் சேர்த்துச் சுமார் 80 மில்லிலிட்டர், ஒரு சிறிய தம்ளரில் பாதி! ரோலரில் ஒட்டி வீணாவதையும் சேர்த்து 150 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், சுவருக்குப் பூசி மிஞ்சிய அடர்நிற எமல்ஷனோ, நிறம் பார்ப்பதற்காகத் தரப்படும் மாதிரி டப்பாவோ போதும். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கரும்பச்சையும் ஆழ்ந்த நீலமும் வெள்ளைச் சாக்பீஸுக்கு நன்றாக எடுக்கும். ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பளபளப்பு அறவே இல்லாத, நீரில் கரையும் மேட் வகையாக இருக்க வேண்டும்.

இந்த மேட் பெயிண்டைக் கரும்பலகைப் பெயிண்டாக மாற்றுவது அதில் நாம் கலக்கும் வெள்ளைத் தூள். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெயிண்ட் என்பது திடமான துகள்களும் அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பிசினும் சேர்ந்தது. பிசின் மிகுந்திருந்தால் காய்ந்தபின் அது துகள்களை முழுவதுமாக மூடி வழவழப்பான தோலாகிவிடும். எனாமலில் நடந்தது அதுவே. துகள்களைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் மூடப் பிசின் போதாமல் துகள்களின் தலைகள் பரப்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்தத் தலைகள்தான் சாக்பீஸைச் சீவும் மேடுகள். இன்னும் கூட்டினால் துகள்களைப் பிடித்துவைக்கவே பிசின் இல்லாமல் போய், துடைக்கும் துணியோடு பெயிண்டும் சேர்ந்து வரும்.

தூளாகப் பலரும் பயன்படுத்துவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அல்லது டைல்ஸ் இடைவெளிகளை அடைக்கப் பயன்படும் மணல் கலவாத கிரௌட் தூள். ஒரு கப் பெயிண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி கிரௌட் என்பது பரவலாக வழங்கும் அளவு. பிளாஸ்டர் என்றால் பெயிண்ட் மூன்று பங்கு, தூள் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்பார்கள். இரண்டும் வேலை செய்யும். ஆனால் இரண்டுமே தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கும் தன்மை கொண்டவை. அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் புதிதாகக் கலக்க வேண்டும், மிஞ்சியதை வைத்துக்கொள்ள முடியாது. என் இரண்டாவது பலகை கெட்டதற்கு இதுவே காரணம். பிளாஸ்டர் தூளை நேராகப் பெயிண்டில் கொட்டிக் கலக்கினேன்; உளுந்தளவு கட்டிகள் உருண்டு நின்றன. அவற்றை நசுக்கி நசுக்கிக் கலக்குவதற்குள் கலவை கெட்டியாகிக்கொண்டே வந்தது. அவசரத்தில் பூசினேன். காய்ந்தபின் உள்ளங்கையால் தடவியபோது, மணலில் கை வைத்ததுபோல் இருந்தது. முதலில் தூளைச் சல்லடையில் சலித்து, தண்ணீரில் மோர்போலக் கரைத்து, கட்டியில்லை என்று விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு பெயிண்டில் சேர்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை கால்சியம் கார்பனேட் தூளுக்கு மாறினேன். அது தண்ணீரில் இறுகுவதில்லை. இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தூளும், ஓடும் பதத்துக்கு வரச் சிறிது தண்ணீரும் எனக்குச் சரியாக வந்த அளவு. ஆனால் ஒவ்வொரு பெயிண்டிலும் பிசினின் அளவு வேறுபடும் என்பதால், ஓர் அட்டைத் துண்டில் பூசிக் காயவைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பலகைக்குப் போக வேண்டும். சோதனை எளிது. காய்ந்த துண்டில் ஒரு கோடு இழுத்தால் அது உடையாமல் விழ வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் கோடு போக வேண்டும், துணியில் பெயிண்டின் நிறம் ஏறக் கூடாது. கோடு வழுக்கினால் தூள் போதவில்லை. துணியில் நிறம் ஏறினால் தூள் மிகுந்துவிட்டது.

பூசும் வேலையைத்தான் நான் மிகவும் விரும்பிச் செய்தேன். பலகையை 220 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு, பிரைமர் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். ஈரப்பதத்தால் எம்.டி.எஃபின் நார்கள் சற்றே எழும்பி நின்றன. மீண்டும் ஒரு முறை தேய்த்ததும் அமர்ந்தன. பிறகு நுரை ரோலரால் முதல் பூச்சை மேலிருந்து கீழாகவும், இரண்டாவதை இடமிருந்து வலமாகவும், மூன்றாவதை மறுபடி மேலிருந்து கீழாகவும் கொடுத்தேன். திசையை மாற்றுவதால் ஒரு பூச்சு விட்டுச்சென்ற வரிகளை அடுத்தது மூடிவிடுகிறது. பிரஷ் வேண்டாம், அதன் மயிர்க்கோடுகள் சாக்பீஸுக்குத் தெரிந்துவிடும். பூச்சுகளுக்கு இடையில் சில மணி நேரம் காயவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைப் பலகையின் விளிம்பருகே படுக்கவைத்து ஒளியைப் பரப்பின் மீது சாய்வாக ஓடவிட்டேன். நேர் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த பலகையில், அந்தச் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு புடைப்பும் தன் நிழலோடு எழுந்து நின்றது. ரோலர் விட்டுச்சென்ற ஓரத் தடிப்புகள், ஒட்டிக்கொண்ட ஒரு மெல்லிய நூல், எங்கிருந்தோ வந்து விழுந்த தூசி எல்லாம் தெரிந்தன. நிழல் விழுந்த இடங்களை மட்டும் உப்புத்தாளால் இரண்டு மூன்று தடவை வருடி, துடைத்து, மீண்டும் ஒளியைச் சாய்த்துப் பார்த்தேன். பெயிண்டுக்கும் தூளுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. ஒரு பலகை நன்றாக அமைவதும் அமையாததும் இந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடும். ஆனாலும் மூன்று நாள் அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும். மேலே காய்ந்தாலும் உள்ளே பிசின் முழுதாக இறுகியிருக்காது. அதற்குள் எழுதினால் சாக்பீஸ் தூள் மென்மையான பெயிண்டுக்குள் பதிந்துவிடும். அந்த மூன்று நாள் முடிந்தபின்னும் உடனே எழுதக் கூடாது. ஒரு முழுச் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பிடித்து, பலகை முழுவதும் ஓர் இடமும் விடாமல் வெண்மையாகும்வரை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். புதுப் பரப்பின் மிக ஆழமான நுண்துளைகளில் முதலில் நுழையும் தூள் எளிதில் வெளிவராது. அது எழுத்தின் வடிவில் நுழைந்தால் அந்த எழுத்து மங்கலாக அங்கேயே தங்கிவிடும். பலகை முழுவதும் ஒரே சீராக நுழைந்துவிட்டால் அது வெறும் சாம்பல் சாயலாகக் கலந்துபோய்விடும், அதன் மேல் எழுதுவதெல்லாம் சுத்தமாகத் துடைபடும். இரண்டாவது பலகையில் இதை நான் செய்யவில்லை. நான் மும்முரமாகச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் வந்து நட்டநடுவே ஒரு பெரிய ‘அ’ எழுதிவிட்டாள். அதன் சுழியைத் துணியாலும் ஈரத்துணியாலும் துடைத்துப் பார்த்தேன். ஈரம் காய்ந்ததும் அது திரும்ப வந்தது.

மாட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கிகளைப் பலகையில் திருகாமல் சட்டத்தின் மரத்தில் திருக வேண்டும். 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃபில் திருகாணி நிற்காது. ஒரே ஆணியில் தொங்கவிட்டால் எழுதும்போதெல்லாம் பலகை ஆடும், அதனால் இரண்டு இடங்களில் மாட்டுவது நல்லது. கீழ்ச்சட்டத்தின் மீது மெல்லிய குச்சி ஒன்றை ஒட்டிவிட்டால் சாக்பீஸ் வைக்கவும், உதிரும் தூளைத் தாங்கவும் இடம் கிடைக்கும். மகளின் கை எட்டும் உயரத்தை அளந்த பிறகே சுவரில் துளையிட்டேன்.

பயன்படுத்துவதில் இரண்டு விஷயங்களைக் கடைப்பிடிக்கிறோம். திரவச் சாக் நிரப்பிய மார்க்கர் பேனாக்களை எங்கள் பலகையில் அனுமதிப்பதில்லை, நுண்துளைகள் உள்ள வீட்டுப் பூச்சில் அவற்றின் கறை போகாது. தினமும் உலர்ந்த துணிதான். ஈரத்துணி எப்போதாவது ஒரு முறை, நன்றாகப் பிழிந்துவிட்டு. சாக்பீஸ் கிறீச்சிடுவதாகச் சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அது பரப்பில் ஒட்டிக்கொண்டும் நழுவியும் மாறி மாறி அதிர்வதால் எழும் ஒலி. சாக்பீஸைப் பாதியாக உடைத்து, பலகைக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓராண்டுக்குப் பிறகு மூன்றாவது பலகையின் கீழ்ப்பாதி மட்டும் வழவழப்பாகத் தொடங்கியது. மேல்பாதியில் நாங்கள் எழுதுவது வாரத்துக்கு ஒன்றிரண்டு வரி. கீழே அவள் நாளெல்லாம் எழுதி, கையாலும் சட்டை முனையாலும் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே மட்டும் பூசினால் நடுவில் ஒரு கோடு தெரியும் என்பதால், பலகை முழுவதையும் 220 எண் தாளால் மெல்லத் தேய்த்து, தூசி துடைத்து, கண்ணாடி ஜாடியில் இறுக மூடி வைத்திருந்த பழைய கலவையையே எடுத்தேன். அடியில் தங்கியிருந்த தூளைக் கிளறி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டதும் அது முதல் நாளின் பதத்துக்குத் திரும்பியது. ஒரு பூச்சு பூசி, மூன்று நாள் பொறுத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்க்கும் வேலையை இந்த முறை அவளிடமே கொடுத்தேன். ஜாடியில் இன்னும் இரண்டு பூச்சுக்குப் போதுமான கலவை இருக்கிறது.